செம்பவாங் தாத்தாக்களிடம் பேச அனுமதி வாங்கிய கதை

மே மாதத் தொடக்கத்தில் தேர்வு முடியும், ஆகஸ்ட்டில் மறுபடி வகுப்பு. நடுவில் கிடைக்கும் விடுமுறையில் ஓர் ஆய்வு செய்யலாம் என்று உங்கள் பேராசிரியர் சொன்னால், அதில் நேர்காணல் உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால் அந்த விடுமுறையில் பாதி உங்களுடையது இல்லை, ஐஆர்பியுடையது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைத்தான் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றி. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே கப்பல் பட்டறை பெயரளவுக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது இருபது வயதில் அங்கே வேலை பார்த்தவருக்கு இப்போது எண்பதை நெருங்கும், அல்லது தாண்டியிருக்கும். "அடுத்த வருடம் செய்யலாமே" என்று ஐஆர்பி அலுவலகத்தில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

வழிகாட்டும் பேராசிரியர் கிடைத்தார், நிதி கிடைத்தது, இணையத்தில் எடுக்க வேண்டிய நெறிமுறைப் பயிற்சியையும் ஒரு வார இறுதியில் முடித்துவிட்டேன். அதெல்லாம் சுலபம்.

பேட்டி தருபவர் சம்மதித்துக் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில்தான் வண்டி நின்றது. முதலில் ஆங்கிலப் படிவத்துக்கு ஐஆர்பியின் அனுமதி வேண்டும். அது வந்த பிறகே தமிழ்ப் படிவத்தை அனுப்பலாம். மொழிபெயர்த்தவர் ஆய்வுக்குழுவில் இருக்கக்கூடாது, மொழிபெயர்ப்பு சரிதான் என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சரி, நியாயம்தான். தமிழாசிரியராக இருக்கும் சித்தி ஒருவர் செய்துகொடுத்தார். பதிவேற்றினேன். சில நாள் கழித்து, "ஆவணம் படிக்க முடியாத நிலையில் உள்ளது" என்று திரும்பி வந்தது.

திறந்து பார்த்தால் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக. நான் அனுப்பிய கோப்பில் கோளாறே இல்லை. ஐஆர்பியின் இணையத்தளம் வேர்ட் கோப்பைத் தானாகப் பிடிஎஃப் ஆக்கும்போது தமிழைத் தின்றுவிட்டது. இதை விளக்கி எழுதினால், அதே கோப்பை மீண்டும் பதிவேற்றச் சொல்லிப் பதில் வருகிறது. பதிவேற்றினால் மீண்டும் கட்டம். நேரில் போனேன். அங்கிருந்த ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, "தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்! கடைசியில் படிவத்தை அச்சடித்து, ஸ்கேன் செய்து, படமாக ஏற்றினேன். உடனே ஏற்றுக்கொண்டது. தமிழில் எந்தப் படிவம் கொடுப்பதாக இருந்தாலும் முதல் தடவையே ஸ்கேன் செய்து கொடுத்துவிடுங்கள், விவாதமே வேண்டாம்.

இதற்குள் மே ஓடிப்போயிருந்தது. காத்திருந்த நாள்களை முழுக்க வீணாக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் ஆட்களைப் பேட்டி கண்டு வைத்திருக்கிறது. தமிழிலும் உண்டு, பல பதிவுகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஏற்கெனவே பதிவான குரல்களைக் கேட்க எனக்கு ஐஆர்பி தேவைப்படவில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் 11-ஆம் தளத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் சுருள்களையும் பார்த்தேன். அனுமதி வருவதற்குள் என்ன கேட்க வேண்டும், யார் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதெல்லாம் தெளிவாகிவிட்டது.

அனுமதி வந்தபின் வந்தது அடுத்த கூத்து. யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? மோசடி அழைப்புகளைப் பற்றிக் காவல்துறை எச்சரிக்காத நாளில்லை. எடுத்த ஒரு பாட்டியும், "கையெழுத்து எல்லாம் போடக்கூடாதுன்னு மகன் சொல்லியிருக்கான்மா" என்று வைத்துவிட்டார். அப்புறம் ஈசூனில் உள்ள பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வழக்கமாகப் போகும் மாமா ஒருவரைப் பிடித்தேன். கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் தொடங்கிய கோயில் அது, அங்கே பங்குனி உத்திரம் இன்றும் விமரிசையாக நடக்கிறது. மாமா ஒரு வார்த்தை சொன்னதும் கதவுகள் திறந்தன. "நம்ம பிள்ளைதான், பேசுங்க" என்பதற்கு முன்னால் பல்கலைக்கழக முத்திரை ஒன்றுமே இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டலாம், ஆனால் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். எங்கள் விதிப்படி சாட்சிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் தாத்தாவுடன் இருந்தது பேரன் மட்டும்தான், தேசிய சேவையில் இருப்பவன், வயது 19. துப்பாக்கி பிடிக்கலாம், தாத்தாவின் கைநாட்டுக்குச் சாட்சி சொல்லக்கூடாது. எதிர்வீட்டு ஆன்டி சமையலை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நீங்கள் போகும்போது கூட ஒரு நண்பரை அழைத்துப் போய்விடுங்கள், ஆனால் அவர் ஆய்வில் சேராதவராக இருக்கட்டும்.

என் தோழியின் கதை வேறு. அவள் திருச்சியிலிருந்து வந்து மாணவர் அனுமதி அட்டையில் படிப்பவள், இன்டர்ன்ஷிப் போனாள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்து மாணவர் விடுமுறையில் முழுநேரம் வேலை பார்க்கத் தனி அனுமதி தேவையில்லை. இது அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கே தெரியவில்லை. மனிதவள அமைச்சின் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு போய்க் காட்டினாள். பட்டப்படிப்புக்குக் கணக்கில் சேராத இன்டர்ன்ஷிப் என்றால், வகுப்பு தொடங்கியதும் வாரத்துக்கு 16 மணி நேரம்தான். ஒப்பந்தத் தேதி ஆகஸ்ட்டுக்குள் நீள்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது பற்றுச்சீட்டு (வவுச்சர்) விவகாரம். பேசியவர்களுக்கு ஆளுக்கு 20 வெள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு தருவதாகச் சொல்லியிருந்தோம். நிதிப் பிரிவு, பெற்றவர்களின் முழு அடையாள அட்டை எண்ணைக் கேட்டது. ஐஆர்பியோ அந்த எண்ணை வாங்கவே கூடாது என்றது. 2019 செப்டம்பரிலிருந்து சட்டத் தேவை இல்லாமல் நிறுவனங்கள் அதைக் கேட்கக்கூடாது என்பதை நிதிப் பிரிவுக்கு எழுதினால், "ஐஆர்பியிடம் பேசுங்கள்." அங்கே கேட்டால், "நிதிப் பிரிவிடம் பேசுங்கள்." இரண்டு பேரும் ஒரே கட்டடம், ஒரே மின்தூக்கி. கடைசியில் இரு தரப்பையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, வழிகாட்டும் பேராசிரியரையும் இணைத்துவிட்டேன். அன்று மாலையே பெயரும் கையெழுத்தும் போதும் என்று பதில் வந்தது. பற்றுச்சீட்டுகள் கைக்கு வந்தபோது வகுப்பு தொடங்கியிருந்தது. ஈசூனுக்கும் செம்பவாங்குக்கும் மறுபடி அலைந்து கொடுத்தேன்.

பற்றுச்சீட்டுக்கு என்ன விவரம் வாங்கினால் போதும் என்பதை ஏப்ரலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கி, ஐஆர்பி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அந்தப் பதில் மின்னஞ்சல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுபவர்கள் கேளுங்கள், பெயர்களை அடித்துவிட்டு அனுப்புகிறேன்.