சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

தம்பி சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் ஏசி திருத்தும் ஒரு பாஸுடன் மூன்று வருடமாக வேலை செய்கிறான். கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் நிரந்தர வேலைக்கு எங்கே போனாலும் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

திருகோணமலை நகரில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம். "இந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அங்கிருந்த பிள்ளை சுவரைக் காட்டி, "அரசாங்கப் பதிவு இருக்கிறது அக்கா, இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவும் உண்டு" என்றாள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பதிவு வேறு, தர அங்கீகாரம் வேறு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நிலையத்தைப் பதிவு செய்யும். ஒவ்வொரு பாடநெறிக்கும் அங்கீகாரத்தைத் தனியாகத்தான் கொடுக்கும். அது இல்லாத பாடநெறியைப் படித்து முடித்தால் அந்த நிலையத்தின் சொந்தச் சான்றிதழ்தான் மிஞ்சும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடினேன். அவர்களுடைய கணினிப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருந்தது, ஏசி பாடநெறிக்கு இல்லை. கடன்பட்டுக் காசு கட்டும் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

அதன் பிறகுதான் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருப்பது தெரியவந்தது. வேலை தெரிந்தவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டித் தேறினால் அதே என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும்.

இதற்காகப் போன அலுவலகத்தில் எழுதுவினைஞர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது" என்றார். பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்காகவே இருக்கும் வழி இது! படிவமும் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டதற்கு, "பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வெயிலில் பஸ் பிடித்துத் திரும்பியபோது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த முறை நேரே பொறுப்பதிகாரியைக் கேட்டுப் போனேன். அவர் தமிழ்ப் படிவத்தை எடுத்துத் தந்து, ஆதாரக் கோவையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். மற்றதெல்லாம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது, சேவைக் கடிதத்தைத் தவிர. பாஸின் தொழிலுக்குப் பதிவு இல்லாததால் அவருடைய கடிதம் மட்டும் போதுமா என்று பயந்தோம். தம்பி வேலை செய்த ஹோட்டல் ஒன்றின் முகாமையாளர் கடிதத் தலைப்பில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பாஸ்மாரிடம் வேலை பழகும் தம்பிமார் இன்றிலிருந்தே செய்யும் வேலையைப் படம் எடுத்து வையுங்கள். வாயு நிரப்புவது, கம்பிரசர் மாற்றுவது, மின்னிணைப்புக் கொடுப்பது எல்லாவற்றிலும் உங்கள் முகமும் தெரிய வேண்டும். என் தம்பியிடம் இருந்த படங்களில் பாதி வெறும் இயந்திரங்கள்தான். அந்தப் பாதியில் ஒன்றையும் கோவையில் சேர்க்க முடியவில்லை.