இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சர்வர் நிர்வாகம்தான் என் வேலை. லினக்ஸ் சர்வர்கள், அவற்றில் ஓடும் டேட்டாபேஸ்கள், அப்ளிகேஷன்களைப் பொதிந்து ஓட்டும் கண்டெய்னர்கள் எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும். புதிதாக ஒரு மென்பொருளைக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். நமக்கு வேண்டியதைச் செய்கிறதா, வேகம் போதுமா, லைசென்ஸ் என்ன. இப்போது இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எத்தனை பேர், சம்பளம் வாங்கிக்கொண்டா, வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகா?

முதல் தடவை இது மனதில் பட்டது 2020 டிசம்பரில். ரெட் ஹேட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2029 வரை இருக்கும் என்று நினைத்து எல்லோரும் திட்டம் போட்டிருந்தோம். 2021 முடிவோடு சரி, இனி, அந்தக் கட்டண லினக்ஸில் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே தரும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்தான் என்று ரெட் ஹேட் அறிவித்தது. சில வாரங்களிலேயே ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று இரண்டு மாற்று முயற்சிகள் கிளம்பிவிட்டன. சர்வர்களை மாற்றுவதற்கு ஸ்கிரிப்ட்கூடக் கிடைத்தது. ஸ்கிரிப்டை ஓட்டுவது சின்ன வேலை. ஒவ்வொரு அப்ளிகேஷன் குழுவையும் உட்காரவைத்து மறுபடி சோதிக்கச் சொல்வதுதான் பெரிய வேலை. 2023 ஜூனில் ரெட் ஹேட் மூல நிரல் வெளியிடும் முறையையும் மாற்றியபோது, அச்சு அசல் நகல் என்ற இலக்கை அல்மா விட்டுவிட்டு, அப்ளிகேஷன்கள் மாற்றமில்லாமல் ஓடினால் போதும் என்ற பாதைக்குப் போனது. அது நிதானமான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அப்போதெல்லாம் என் கவலை நிறுவனங்களைப் பற்றித்தான் இருந்தது. தனி மனிதர்கள் பக்கம் என் கவனத்தைத் திருப்பியது எக்ஸ்இசட் விவகாரம்.

2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. பல நாடுகளில் நீண்ட விடுமுறை தொடங்கியிருந்தது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு (அனுமதியில்லாமல் உள்ளே நுழைய ரகசிய வழி) இருக்கிறது என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் பகிரங்கமாக எழுதினார். மைக்ரோசாஃப்ட்டில் இருந்துகொண்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர் அவர். பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை. டேட்டாபேஸின் வேகத்தை நுணுக்கமாக அளப்பதற்காக மெஷினில் வேறு எதுவும் ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின்கள், தவறான யூசர் பெயரோடு வந்து உடனே தோற்றுப்போகிற முயற்சிகள்கூட, வழக்கத்துக்கு மேல் சிபியூவை எடுத்துக்கொண்டன. சுமார் 0.3 நொடியில் முடிய வேண்டிய ஒன்று 0.8 நொடி ஆனது. அந்த அரை நொடியை அவர் விடவில்லை.

எங்கள் குழுவுக்குச் செய்தி வந்ததும் முதலில் எல்லோருக்கும் சொன்னது இதுதான்: எக்ஸ்இசட் கட்டளையை ஓட்டி வெர்ஷன் பார்க்காதீர்கள். சந்தேகத்துக்குரிய புரோகிராமையே ஓட்டி அதனிடம் விவரம் கேட்கக் கூடாது. மென்பொருள்களை நிறுவிக் கணக்கு வைக்கும் பேக்கேஜ் மேனேஜரிடம் கேளுங்கள். புரொடக்‌ஷன் சர்வர்களில் எல்லாம் 5.2, 5.4 என்று பழைய பதிப்புகளே இருந்தன. "ஏன் இவ்வளவு பழசா வச்சிருக்கீங்க" என்று டெவலப்பர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். அந்தப் பழசுதான் அன்று காப்பாற்றியது. புதிய பதிப்புகளை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும் ரோலிங் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) போட்டிருந்த சில லேப்டாப்களிலும், டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங்கை அடித்தளமாக வைத்துக் கட்டிய சில கண்டெய்னர் இமேஜ்களிலும் புதிய பதிப்பு இருந்தது. அந்த இமேஜ்களில் எஸ்எஸ்ஹெச் சர்வரே கிடையாது. ஆனாலும் அழித்துவிட்டு மறுபடி கட்டினோம், சாவிகளை மாற்றினோம்.

அது வேலை செய்த விதத்தைப் படிக்கப் படிக்கத் தூக்கம் போயிற்று. எஸ்எஸ்ஹெச்சை இயக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூல நிரலில் எக்ஸ்இசட் பற்றிய பேச்சே இல்லை. சில டிஸ்ட்ரோக்கள் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைப்பதற்காக அதில் ஒரு பேட்ச் (சிறு நிரல் மாற்றம்) போட்டிருந்தன. அந்த வழியாக சிஸ்டம்டியின் லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) உள்ளே வரும், அதைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்இசட்டின் லைப்ரரியும் வரும். தீங்கு செய்யும் பகுதி, சுருக்கிய கோப்புகளைச் சோதிப்பதற்கான மாதிரிகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை எடுத்து ஓட்டும் வரிகள் எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியமான கிட் ரிப்போவில் இல்லை, வெளியீட்டுக்கான டார்பால் என்ற சுருக்கிய கோப்பில் மட்டும் இருந்தன. ரிப்போவை வரிவரியாகப் படித்த ஒருவருக்கும் அந்தத் தொடக்கம் கண்ணில் பட்டிருக்காது.

அடுத்த வாரம் பழைய மடல்களைத் தேடிப் படித்தேன். எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் லாஸ்ஸே காலின். 2022-இல், பேட்ச்கள் ஏன் தாமதமாகின்றன, புதிய ஆளைப் போடக் கூடாதா என்று முன்பின் தெரியாத பெயர்கள் வந்து அவரை நெருக்கின. தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்சினைகள் இருப்பதையும், இது சம்பளம் இல்லாமல் ஆர்வத்துக்காகச் செய்யும் திட்டம் என்பதையும் அவர் பதிலில் சொல்லியிருந்தார். அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக பேட்ச்களை அனுப்பிக்கொண்டிருந்தார். பின்கதவை வைத்தது அந்தப் பெயர்தான்.

அந்த நெருக்கும் மடல்களின் தொனி எனக்குப் புதிதில்லை. தினமும் டிக்கெட்களில் பார்க்கிற தொனி அது. "இன்னும் எத்தனை நாள்?" "யாராவது இதைப் பார்க்கிறீர்களா இல்லையா?" சம்பளம் வாங்கும் நமக்கே ஒரு நாளின் முடிவில் அது வலிக்கிறது.

திங்கட்கிழமை மேலாளரிடம் அறிக்கை கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டார்: "இந்த எக்ஸ்இசட்டுக்கு நாம எந்த வெண்டர்கிட்ட சப்போர்ட் எடுத்திருக்கோம்?"

"யார்கிட்டயும் இல்லை சார். ஒருத்தர் ஓய்வு நேரத்துல பார்த்துக்கிட்டிருந்தார்."

"அப்போ நம்மகிட்ட இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் அடுத்த சில மாதங்களுக்கு எங்களுக்கு வேலையானது. நாங்கள் நிறுவியிருக்கும் ஒவ்வொரு பேக்கேஜையும், அது இழுத்துவரும் லைப்ரரிகளையும் எடுத்துவைத்து, கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கமிட் செய்திருக்கிறார்கள் (நிரல் மாற்றம் சேர்த்திருக்கிறார்கள்), ரிலீஸ் போடும் அனுமதி யாரிடம் இருக்கிறது, பின்னால் ஏதாவது அறக்கட்டளை இருக்கிறதா என்று குறித்தோம். பெரிய பெயர்களில் பயம் இல்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்களிக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். யாரும் பெயர் சொல்லாத சின்ன லைப்ரரிகளில்தான் ஒருவர், மிஞ்சினால் இருவர். 2025 ஜூனில் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லைப்ரரியான லிப்எக்ஸ்எம்எல்2-இன் அப்போதைய பராமரிப்பாளர், இனிப் பாதுகாப்புக் குறைகளை ரகசியம் காத்து அவசரமாகத் திருத்த மாட்டேன், மற்ற பிழைகளைப் போலவே பார்ப்பேன் என்று அறிவித்தார். தன்னார்வலரான தன்னால் ஒவ்வொரு வாரமும் மணிக்கணக்கில் இதற்கே செலவிட முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதைக் கேட்டுச் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நேர்மையான அறிவிப்பாகப் பட்டது. எங்கள் பட்டியலில் அந்த லைப்ரரி பல இடங்களில் இருந்தது.

சரி, பணம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். நிதித்துறையைச் சம்மதிக்கவைக்க ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில் 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் ஓட்டையின் கதையைச் சொன்னேன். இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்துவந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். அது அவர்களை அசைத்தது. ஆனால் தொகைக்கு ஒப்புதல் கிடைப்பதைவிட அதை அனுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. வெண்டராகப் பதிவு செய்ய வேண்டும், இன்வாய்ஸ் வேண்டும், வரி எண் வேண்டும், பாதுகாப்புக் கேள்வித்தாளை நிரப்பித் தர வேண்டும். தனி ஆளாகத் திணறும் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டால், உதவி என்ற பெயரில் அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறோம். கடைசியில், இன்வாய்ஸ் தரக்கூடிய அறக்கட்டளைகள் வழியாகச் சில திட்டங்களுக்கு அனுப்பினோம். மீதிக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

பணத்தைப் போலவே இன்னொன்றையும் நாம் யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறோம், அவர்களுடைய கவனத்தை. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தரும் ஏற்பாட்டை 2026 ஜனவரி முடிவோடு நிறுத்தினார். ஏஐ எழுதித்தரும் பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் குவிந்ததுதான் முக்கியக் காரணம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு லைப்ரரியில் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் பிழை) இருப்பதாக நான்கு பக்க அறிக்கையோடு வந்தார். தலைப்பு, பாதிப்பு, திருத்தும் வழி எல்லாம் கச்சிதமாக இருந்தன. "இந்த ஃபங்ஷன் எந்த ஃபைல்ல இருக்குன்னு காட்டுப்பா" என்றேன். இருவரும் உட்கார்ந்து தேடினோம். அப்படியொரு ஃபங்ஷனே அந்த லைப்ரரியில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அன்று முதல், சொந்தக் கையால் பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டாமல் யாரும் வெளியே அறிக்கை அனுப்பக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. அதே தம்பி பிறகு வேறொரு திட்டத்தில் உண்மையான பிழை ஒன்றைப் பிடித்து, அதற்கான சோதனையையும் எழுதி அனுப்பினார். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.

கெர்னலில் ரஸ்ட் என்ற நிரல் மொழியைச் சேர்ப்பது பற்றி நடந்த சண்டையையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2022 டிசம்பரில் 6.1 வெளியீட்டோடு ரஸ்ட் உள்ளே வந்தது. நினைவகப் பிழைகளை மொழியே தடுத்துவிடும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதே. வாராவாரம் பேட்ச் போடுகிறவனுக்கு அந்தப் பிழைகளின் விலை தெரியும். ஆனால் 2025 தொடக்கத்தில் சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுக உதவும் டிஎம்ஏ பகுதியின் பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் எதிர்த்தபோது, அவர் வார்த்தைகளின் காட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், அதில் ஒரு நியாயமான பயம் இருந்தது. சி, ரஸ்ட் என்று இரண்டு மொழிகளில் இருக்கும் ஒன்றைக் கடைசியில் யார் தாங்குவது? ரஸ்ட் வேண்டாம் என்பவர் அதைத் தொட வேண்டியதில்லை, ஆனால் தன் நிரலை வேறு யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அவர் தடுக்கவும் முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முடித்துவைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் பராமரிப்பாளர்கள் கூடியபோது, ரஸ்ட் இனிச் சோதனை முயற்சி இல்லை என்ற முடிவும் வந்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் வழியில் ரஸ்ட் பக்கமிருந்து நல்ல ஆட்கள் சிலர் சோர்ந்து விலகிவிட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

லைசென்ஸ் சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2024 மார்ச்சில் நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸான ரெடிஸ் தன் உரிமத்தை இறுக்கியது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் பழைய நிரலிலிருந்து கிளைத்து வால்கீ பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தோடு திரும்பி வந்தது. இடையில் நாங்கள் வால்கீக்கு மாறிவிட்டோம். தொழில்நுட்ப மாற்றம் சுலபம், சட்டத்துறையோடு பேசியதுதான் நீண்டது. ரெடிஸுக்குத் திரும்புவோமா என்று கேட்கிறார்கள். அவசரம் இல்லை என்பதே என் பதில். வால்கீயில் பல நிறுவனங்களின் ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஒரே கம்பெனியின் முடிவால் அது திசைமாறாது.

2025 நவம்பரில் இன்க்ரெஸ் என்ஜின்எக்ஸ் ஓய்வுபெறும் அறிவிப்பு வந்தபோது எங்கள் பட்டியல் முதல் தடவையாகப் பயன்பட்டது. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் உலகில் ஏராளமானோர் வாசல் கதவாக வைத்திருந்த மென்பொருள் அது. பல ஆண்டுகளாக ஒருவர் அல்லது இருவர் தங்கள் சொந்த நேரத்தில் பார்த்துவந்திருக்கிறார்கள். 2026 மார்ச்சோடு பராமரிப்பு முடியும் என்றார்கள். பட்டியலில் அதை முன்பே சிவப்பாகக் குறித்திருந்ததால் அதற்கு மாற்றான கேட்வே ஏபிஐக்கு நகரும் வேலையை அதற்குள் பாதி முடித்திருந்தோம்.

இப்போது சட்டத்துறையே அந்தப் பட்டியலைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி, அங்கே விற்கும் பொருளில் யாராவது தாக்குதலுக்குப் பயன்படுத்தும் குறை இருந்தால், 2026 செப்டம்பர் 11 முதல் உற்பத்தியாளர் அதை அறிவிக்க வேண்டும். பொறுப்பு விற்கிறவருடையது, ஓய்வு நேரத்தில் எழுதிக்கொடுத்தவருடையது இல்லை என்று சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது. ஆனாலும் எங்கள் பட்டியலில் உள்ள எல்லாத் திட்டங்களுக்கும் ஒரு கேள்விப் படிவத்தை அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கேட்கலாம் என்று ஒரு யோசனை கூட்டத்தில் வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். 2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை ஒட்டி ஒரு பெரிய நிறுவனம் இதே மாதிரி ஒரு கேள்விப் பட்டியலை ஸ்டென்பெர்க்குக்கு அனுப்பி, 24 மணி நேரத்தில் பதில் கேட்டது. கர்லுக்கும் லாக்4ஜேவுக்கும் சம்பந்தமே கிடையாது.

படிவத்தை நாங்களே நிரப்புவது என்று முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் குழுவில் ஒருவர் பொறுப்பு. நிரலைப் படித்து, சோதனைகளை ஓட்டி, விடைகளை அவரே எழுத வேண்டும். ஓட்டை கண்டால் பேட்ச்சோடுதான் போக வேண்டும். எக்ஸ்எம்எல் லைப்ரரியை நான் எடுத்துக்கொண்டேன், அந்தத் தம்பியும் கூட வருகிறார். இதற்கான நேரத்தை அலுவல் நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த காலாண்டுத் திட்டத்தில் அதற்கு இடம் கேட்டுப் போராடப் போகிறேன்.