பட்டியலில் விடுபட்ட குடியிருப்பு

2024 மே 29 தென்னாப்பிரிக்கப் பொதுத்தேர்தலுக்காக டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்தில் உள்ளூர்ப் பார்வையாளர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்தேன். அக்கம்பக்கத்து நாடுகளின் குடிமக்கள் அமைப்புகளிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஜாம்பியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எங்கள் குழுவோடு மூன்று நாள் இருந்தார்.

முதல் நாள் காலை, யார் யாரைச் சந்திக்கலாம் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலை அவரிடம் கொடுத்தேன். கோயில் நிர்வாகிகள், பள்ளிவாசல் குழு, போதகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லோரும் அதில் இருந்தார்கள். எல்லா மதமும் வந்துவிட்டது என்ற திருப்தி எனக்கு. அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "இந்தப் பகுதியில் ஜூலு பேசுகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

பாட்டில்பிரஷ் என்றேன். ஜூலு பேசும் கறுப்பின மக்கள் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகள். காரில் போனால் கொஞ்ச நேரம்தான். அதை விட்டுவிடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சாட்ஸ்வொர்த்தே 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் பிறந்த ஊர். இனவாரியாக நிலத்தைக் கூறுபோட்டு, 1960களில் இந்தியர்களை இங்கே கொண்டுவந்து குவித்தார்கள். அந்த அரசு கிழித்த கோட்டுக்குள்ளே வளர்ந்து, அதையே 'நம்ம ஏரியா' என்று நானும் சொல்லிப் பழகிவிட்டேன். 1984இல் வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை என்று நாடாளுமன்றத்தைப் பிரித்தபோது கறுப்பின மக்களுக்கு எதுவுமே இல்லை. இந்தியர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். எங்கள் ஆயாவும், அதாவது பாட்டியும், போகவில்லை. "அவங்களுக்கு இல்லாத ஓட்டு எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார். அந்த வீட்டுப் பிள்ளை எழுதிய பட்டியல் இது.

வெளிநாட்டுக்காரர் நமக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வந்தது. இங்குள்ள இந்தியர்களின் நிலையை 1946இல் ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது இந்தியா. 1994 ஏப்ரலில் ஆயா முதன்முதலாக ஓட்டுப்போட்டபோதும் நாடெங்கும் ஐ.நா. பார்வையாளர்கள் நின்றார்கள். வெளியார் கண் நம்மேல் பட வேண்டும் என்று கேட்டவர்களே நாம்தானே.

அன்று மாலையே பாட்டில்பிரஷுக்குப் போனோம். சுயேச்சைகளும் போட்டியிட வழி செய்திருந்ததால், அந்த முறை முதன்முதலாக மூன்று வாக்குச்சீட்டுகள். மூன்றிலும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டார். இல்லை, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக முடிவு செய்யலாம் என்றேன். நான் கொண்டுபோன துண்டறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது என்று மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறவன் நான். ஜூலுவை ஆட்சிமொழியாக்குவதும் அதே பிரிவுதான். அங்கேயே இருந்த ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஜூலுவில் எழுதித் தந்தார்.

தேர்தல் நாள் இரவு, வாக்குச்சாவடியிலேயே எண்ணிக்கை நடந்தது. பார்வையாளர்கள் எதையும் தொடக் கூடாது, பார்க்கத்தான் அனுமதி. சாவடிகளின் முடிவுகளிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துத் தன்னார்வலர்களே தனியாகக் கணக்கிட்டு, அதிகாரபூர்வ முடிவோடு ஒப்பிடும் இணை எண்ணிக்கையைப் பற்றி அந்த ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். 1986இல் பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்கோஸுக்கு எதிரான தேர்தலில் குடிமக்கள் தாங்களாகவே வாக்குகளைக் கணக்கிட்டார்கள். 1988இல் சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே பதவியில் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பிலும் அப்படியே. 2021இல் ஜாம்பியாவில் கிறிஸ்தவத் திருச்சபைகளின் கண்காணிப்புக் குழு செய்த கணக்கு, ஆளுங்கட்சி தோற்ற முடிவோடு ஒத்துப்போனது. அந்தந்த நாட்டுக்காரர்கள் கற்றதை அடுத்த நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த வேலை இது. பெரிய மாநாட்டுத் தீர்மானங்களைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

அவர் ஊர் திரும்பிய பிறகு பட்டியலைத் திருத்தினேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கான எங்கள் முதல் கூட்டம் பாட்டில்பிரஷில். அதை நடத்தப்போவது அந்த மாணவி. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க எனக்கு இன்னும் கொஞ்சம் ஜூலு வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.