பேதுருவின் கட்டைவிரல்

நான் இருப்பது பிரான்சில். போன வாரம் சந்தையில் ஐஸ் மேல் ஒரு மீன் கிடந்தது. நேர் எதிரே நின்று பார்த்தால் வெறும் கோடுதான், அவ்வளவு தட்டை. முதுகில் நீள நீளமாக முட்கள், நடு விலாவில் யாரோ மையில் விரலைத் தொட்டு அழுத்திவிட்டுப் போன மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அட்டையில் 'சேன் பியேர்' என்று எழுதியிருந்தார்கள். இயேசுவின் சீடரான புனித பேதுருவேதான்.

கதை பைபிளில், மத்தேயு 17ஆம் அதிகாரம். ஆலய வரி கேட்டு ஆள் வந்ததும், போய்த் தூண்டில் போடு, முதலில் வரும் மீனின் வாயில் வெள்ளிக்காசு இருக்கும் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். அந்த மீனைப் பேதுரு அமுக்கிப் பிடித்த தடம்தான் இந்தக் கறுப்பு வட்டமாம். வட்டம் இரண்டு பக்கமும் இருப்பது கதைக்கு இன்னும் வசதி. ஆனால் பேதுரு மீன்பிடித்த கலிலேயா நன்னீர் ஏரி, இது கடல்மீன்! அங்கே இன்றைக்கும் பேதுரு மீன் என்று பொரித்துத் தருவது திலாப்பியாவை, அதாவது நம் ஊர் ஜிலேபி மீனின் பங்காளியை.

இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பேதுரு பெயர்தான். கிரேக்கர்கள் ஒரு படி மேலே போய் 'கிறிஸ்து மீன்' ஆக்கிவிட்டார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் முதுகு முள்ளைப் பார்த்துச் சேவல் என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் ஜான் டோரி. டோரி என்பது பிரெஞ்சு 'தொரே', பொன் பூசியது. ஜான் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர். அவரும் 'ஜோன்' என்ற பிரெஞ்சு மஞ்சளிலிருந்து வந்தவர் என்பார்கள், எனக்கென்னவோ அது யாரோ உட்கார்ந்து யோசித்த கதையாகத்தான் படுகிறது.

எனக்குப் பிடித்தது பேதுருவுக்கு முந்தைய பெயர். 1ஆம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, தன் ஊரான ஸ்பெயினின் காதிஸில் கிடைக்கும் உயர்ந்த மீன்களில் ஒன்றாக 'ஃபாபெரை'ச் சொல்கிறார். லத்தீனில் கொல்லன், தச்சன் மாதிரி கைவினைஞன் என்று பொருள். எங்கள் ஊர்ப் பழைய வழக்கில் இதை 'சேயுஸ்' என்போம் என்றும் சேர்க்கிறார். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இரண்டையும் சேர்த்து அறிவியல் பெயராக வைத்துவிட்டார். குரோவேஷியாவில் இன்னும் இது கொல்லன், இஸ்தான்புல்லில் தச்சன். எலும்புகள் தச்சுக் கருவி மாதிரி இருக்கும் என்பது துருக்கியர் சொல்லும் காரணம்.

சரி, வாங்கிவந்து வெட்டினேன். ரம்பமும் உளியும் தேடிப் பார்த்தேன், முள் குத்தியதுதான் மிச்சம். தலையும் எலும்பும் போகப் பாதிகூடத் தேறவில்லை. தலையைக் குழம்பில் போட்டுவிட்டேன்.