கிரிகரி பெக் என்ற வக்கீல்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வயதானவர்களிடம் கிரிகரி பெக் என்ற ஹாலிவுட் நடிகரின் பெயரைச் சொன்னால் சட்டென்று பிடிபடாது. 'மெக்கன்னாஸ் கோல்டு ஹீரோ' என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். 1969-ல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் பெரிதாக ஓடவில்லை; நம் நாட்டில் திரும்பத் திரும்ப ஓடியது. விடியற்காலை வெயிலில் பாறைத் தூணின் நிழல் நீண்டுகொண்டே போய்த் தங்கப் பள்ளத்தாக்குக்கு வழி காட்டும்போது, "ஏல, நெழலப் பாருல!" என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து சத்தம் வரும். எனக்கும் பெக் அப்படித்தான் அறிமுகம்.

ஆனால் அவர் என் மனதில் உட்கார்ந்தது குதிரை மேல் அல்ல, கோர்ட்டில். நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். நன்றாகப் பேசும் வக்கீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1962-ல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்டு' படத்தில் பெக் செய்த அட்டிகஸ் ஃபின்ச் மாதிரி ஒரு வக்கீலிடம் வேலை பார்க்க வேண்டும் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

1930-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டதாக டாம் ராபின்சன் என்ற கறுப்பர் மேல் பொய் வழக்கு. அந்தப் பெண்ணை அடித்தவன் இடது கைக்காரன் என்று காட்ட வேண்டும். பெண்ணின் தகப்பனைக் கூண்டில் வைத்து, பெயரை எழுதிக் காட்டச் சொல்கிறார் பெக். அவன் இடது கையால் எழுதுகிறான். அப்புறம் டாமை நோக்கி ஒரு கண்ணாடித் தம்ளரை வீசுகிறார். டாம் வலது கையால் பிடிக்கிறார்; இடது கை செயலிழந்து கிடக்கிறது. வேறு நடிகராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்திருப்பார். பெக் முகத்தில் அது இல்லை. சாட்சியம் பேசட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார்.

கேஸ் தோற்கிறது. கூட்டம் கலைந்தபின் காகிதங்களை எடுத்துப் பைக்குள் வைக்கிறார். தோற்ற அன்று வக்கீல் கேஸ் கட்டை எப்படி எடுத்து வைக்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். அவசரமில்லை, ஆத்திரமில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. அவர் வெளியே நடக்கும்போது மாடத்தில் இருக்கும் கறுப்பின மக்கள் மொத்தமாக எழுந்து நிற்கிறார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது.

பெக் 1916-ல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். பெற்றோர் பிரிந்துவிட, ஆச்சிதான் வளர்த்தார். வாரந்தோறும் சினிமாவுக்கு அழைத்துப் போனதும் அந்த ஆச்சிதான். நடிப்புப் பயிற்சியின்போது முதுகில் பட்ட அடியால் இரண்டாம் உலகப் போருக்குப் போகவில்லை. நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரையோடு நின்றது. ஐந்தாவது முறை அட்டிகஸுக்காகக் கிடைத்தது. கதை எழுதிய ஹார்ப்பர் லீயின் அப்பாவும் வக்கீல். அவருடைய சட்டைப்பைக் கடிகாரத்தை லீ பெக்குக்கே கொடுத்துவிட்டார்.

திரைக்கு வெளியிலும் மனுஷன் அப்படித்தான். 'ரோமன் ஹாலிடே' எடுக்கும்போது படத்தின் பெயருக்கு மேலே தன் பெயர் மட்டும் வர ஒப்பந்தம் இருந்தும், ஆட்ரி ஹெப்பர்ன் பெயரையும் சமமாகப் போடச் சொன்னார். அப்போது ஹாலிவுட்டில் ஹெப்பர்ன் புதுமுகம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது ஆஸ்கர் அகாடமியின் தலைவர் பெக். இறுதிச் சடங்கு முடியட்டும் என்று விழா இரண்டு நாள் தள்ளிப்போனது.

2003 ஜூனில், 87 வயதில் பெக் காலமானார். இறுதிச் சடங்கில் இரங்கல் உரை ஆற்றியவர் பிராக் பீட்டர்ஸ். அந்தப் படத்தில் டாம் ராபின்சனாகக் கூண்டில் நின்றவர். கட்சிக்காரரே வந்து வக்கீலுக்காகப் பேசியிருக்கிறார்.

மெக்கன்னாஸ் கோல்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் அடுத்து 'கன்ஸ் ஆஃப் நவரோன்' பாருங்கள். அதே இயக்குநர்தான், விறுவிறுப்பு குறையாது. கோர்ட்டுப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் நேராக 1962-க்குப் போய்விடலாம்.