அஞ்சு படி அரிசி

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். 'பள்ளி தந்த விழுமியங்கள்' என்று தலைப்பையும் அவரே கொடுத்தார். விழுமியம் என்ற சொல்லை நம் காலத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புளிய விளார் என்றுதான் அதற்குப் பெயர். எழுத மனம் கூடாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் தமிழ் சார் போய்ச் சேர்ந்தார் என்று செய்தி வந்தது. தொண்ணூற்றாறு வயது. நான் அன்று சிங்கப்பூரில் கண் ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன்.

எந்தத் தமிழ் சார் என்று கேட்பவர்கள் நமக்கு ரொம்பப் பிந்திய செட்டாக இருக்கும். மற்றவர்களுக்குப் பொடிமட்டையும், ஆகுபெயரில் தப்பினால் விழும் அடியும் போதும், ஆளைச் சொல்லத் தேவையில்லை. மகான் என்று அவரை நான் எழுதப் போவதில்லை. நன்றாக மனப்பாடம் சொல்கிறவன் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. திக்கித் திக்கிச் சொல்கிறவனை எழுந்து நிற்கவைத்து மறந்தும் போய்விடுவார். நான் முதல் வகை. அதனால்தான் இந்தக் கதையே.

1974. நான் ஒன்பது 'பி'. சாரல் காலம் முடிகிற நேரத்தில் நடந்த பேச்சுப் போட்டியில் 'நல்லவராய் வாழ்வோம்' என்று ஏழு நிமிஷம் முழங்கினேன். வாய்மை அதிகாரம் பத்துக் குறளையும் மூச்சு விடாமல் சொன்னேன். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். (எங்கள் அம்மா அதை ரொம்ப நாள் அரிசி அளக்க வைத்திருந்தாள். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை.)

அரிசி விலை ஏறிக் கிடந்த வருஷம் அது. நம் பக்கத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு; அந்தப் பக்கம் அரிசிக்கு நல்ல விலை. செங்கோட்டையில் ஏறி ஆரியங்காவில் இறங்கினால் கையில் நாலு காசு நிற்கும். கொல்லம் பாசஞ்சரில் போகிற பாதிப் பேர் இடுப்பு அந்த நாளில் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். நீளப் பையாகத் தைத்து, அரிசியை நிரப்பி, சேலைக்குள் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். பகவதிபுரம் தாண்டினால் ஏற்றம். முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் தள்ள ஓர் எஞ்சின் என்று வண்டி முக்கி முனகிக் குகையைக் கடக்கும். ஸ்டேஷன் வருவதற்குள் வெளியே தள்ள வேண்டியதைத் தள்ளிவிடலாம், பொறுக்க ஆள் நிற்கும். சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி இது. யாரும் அதைக் கடத்தல் என்று சொன்னதில்லை, 'அரிசிக்குப் போறாவ' என்றுதான் பேச்சு.

போட்டி நடந்து இரண்டு வாரம் கழித்து, பிரேயரில் பேச ஓர் அதிகாரி வந்தார். பதுக்கல், கடத்தல், நாட்டின் எதிர்காலம். எல்லையில் வாழும் மாணவர்கள் அரசாங்கத்தின் கண்கள் என்றார். பேசி முடித்து ஹெட்மாஸ்டர் ரூமில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் நானாகப் போய், என் பெஞ்சில் உட்காரும் ஒருத்தனின் அம்மா எந்தக் கிழமை, எந்த வண்டியில், எப்படிக் கட்டிக்கொண்டு போவாள் என்று சொன்னேன். அவன் என்னிடம் சிரிப்புக்காகச் சொன்னது அது. அம்மாவுக்குக் குனிய முடியாதுல, தூணு மாதிரி நிப்பா என்று.

எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. பொறாமை இருந்தாலாவது இன்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். நல்ல பையன் செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்து இருந்தது.

அடுத்த புதன்கிழமை பிடித்துவிட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம் போகிற நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்தோம். பிளேடால் பையைக் கிழித்தார்கள். அரிசி சேலை மடிப்பு வழியாக இறங்கிக் காலைச் சுற்றிக் குவிந்தது. அவள் அழவில்லை. உட்கார்ந்து, கரித்தூளோடு சேர்த்து அரிசியைக் கூட்டி அள்ளி, தன்னிடம் பறித்தவர்கள் பிடித்த சாக்கிலேயே போட்டாள். ஒரு மணி கூட வீணாகிவிடக் கூடாது என்பதுபோல அள்ளினாள். அவள் மகன் எங்களோடுதான் நின்றான். முதல் பெல் அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் அவன்தான் ஓடினான்.

வெள்ளிக்கிழமை பிரேயரில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. ஆசிரியர்கள் வரிசையில் தமிழ் சார் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அன்றைக்கு மூன்றாம் பீரியட் அவருடையது. "வாய்மை, முதல் குறள் சொல்லு" என்றார். சொன்னேன். பொருள் கேட்டார். யாருக்கும் எந்தத் தீங்கும் தராத சொல்லே வாய்மை என்றேன். "தீங்கு வந்தா?" என்றார். உரையில் அது இல்லை. நின்றேன். முதல் முறையாக என்னை நிற்க வைத்து அவர் மறந்துபோனார். மணி அடிக்கும்வரை நின்றேன். முன் பெஞ்சில் நின்ற பழக்கம் இல்லாத காலுக்கு அது நெடுநேரம். பக்கத்தில் அவன் இடம் காலியாக இருந்தது.

"நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா. சும்மாடு கட்ட ஒரு துண்டு கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அரிசிக் கடைக்குப் போனார். அஞ்சு படி புழுங்கலரிசி. பறிபோனதும் அதே அளவு என்று எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். கடைக்காரரிடம் பாதிப் பணம் கொடுத்துப் பாதியைக் கணக்கில் எழுதச் சொன்னார். மூட்டை என் தலைக்கு வந்தது. கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சங்கு முத்திரை போட்ட வளைவுக்குக் கீழே எங்கள் மாமா வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். "என்னல இது, சொமையெல்லாம்?" என்றார். சார் முந்திக்கொண்டு, "பரிசு வாங்கினாம்லா, அதத் தூக்கிட்டுப் போறான்" என்றார்.

அவளுக்குச் சாரைக் கண்டதும் கை கால் ஓடவில்லை. மகன்மேல் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். மூட்டையை இறக்கி வைத்தேன். "இந்தப் பய ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் சார். ஏழு நிமிஷம் முழங்கியவன் வாயில் ஒரு சொல் வரவில்லை. அவள் என் முகத்தையும் மூட்டையையும் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"பச்சப்பிள்ள என்ன செய்யும் சார்வாள், உள்ளதத்தான சொல்லிச்சி" என்றாள்.

பிறகு எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

திரும்பும்போது, "சட்டம் தப்பா சார்?" என்று கேட்டேன். எப்படியாவது ஒரு பக்கம் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. "நான் அதச் சொல்லலியே" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, 1956 நவம்பர் 1 பற்றிச் சொன்னார். முந்தின ராத்திரி வரைக்கும் செங்கோட்டையும் ஆரியங்காவும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் ஒரே ராஜ்யம்; விடிந்தால் நாம் சென்னை ராஜ்யம், அவர்கள் கேரளம். "இவளப் பெத்தவ இன்னும் அங்கதான் கெடக்கா. கொண்டுபோற அரிசில பாதி விக்க, பாதி அவளுக்கு." மறுபடியும் மௌனம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "ஒனக்குக் கைதட்டு கெடச்சிது. அவளுக்கு என்ன கெடச்சிதுன்னு பாக்கணும்லா" என்றார். பொடி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பாராட்டிய ஹெட்மாஸ்டரிடமும் அவர் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அவருக்குப் பயம் இருந்தது.

நான் 1982இல் கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே வந்தேன். வெல்டரில் தொடங்கி சேஃப்டி சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனேன். தப்புச் செய்கிறவன் பெயரை எழுதுவதே சம்பளம் என்ற உத்தியோகம், விதியைப் பாருங்கள். பெயர் எழுதுவது தவறென்று நான் சொல்ல மாட்டேன். எழுதாமல் விட்டு, டேங்குக்குள்ளிருந்து ஆளைப் பொட்டலமாக இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெல்ட் கொக்கி மாட்டாமல் மேலே நிற்கிற ஒரு பங்களாதேஷ் பையனைக் கண்டால் என் கை முதலில் பேனாவுக்குப் போகாது. முட்டி வலியோடு ஏணி ஏறுவேன். கொக்கியை நானே மாட்டிவிட்டு, ஏன் மாட்டவில்லை என்று கேட்பேன். வயர் எட்டவில்லை என்பான், பார்த்தால் எட்டாது. அப்போது எழுத வேண்டிய பெயர் வேறொன்றாகிவிடும். எப்போதும் இப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஒருவனை ஏறிப்போய்ப் பார்க்காமல் எழுதினேன். மழை நாள், சோம்பல். பத்து நாளில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் முகம் கூட எனக்குத் தெரியாது.

கோப்பிக் கடையில் கூட்டாளிகள் கேட்பார்கள், நல்லவனாக இருந்து என்னத்தைக் கண்டோம் என்று. வயதானவர்கள் கூடினால் வருகிற கேள்விதான். புண்ணியம், பிள்ளைகளுக்கு நல்லது, மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு இவற்றில் எதுவும் சொல்லத் தோன்றாது. கருப்பட்டிக் காப்பிதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அவள் என்னைத் திட்டி, மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! பார்த்தீர்களா, கடத்தல்காரி, நான் சொன்னது சரிதான் என்று வளர்ந்திருப்பேன். நம் ஊரில் அப்படி வளர்ந்து பெரிய ஆளானவர்கள் நமக்கே தெரியும். அவள் அந்த வழியை அடைத்துவிட்டாள். என்னைத் திருத்த வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, கொடுத்தாள். ஒருத்தர் நல்லவராக இருப்பதால் இன்னொருத்தர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை. அதனால் நானும் முட்டி வலிக்க ஏறிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அவள் மகன் அரைப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டான் என்றார்கள். மீட்டர் கேஜை அகற்றிய வேலைக்காக 2010இல் நின்ற ரயில், 2018இல் அகலப்பாதையில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போயிருந்தபோது அவனைத் தேடிப் பிடித்தேன். புளியரையில் மகன் வீட்டில் இருந்தான். இரண்டு பேரும் வண்டி ஏறினோம். பதின்மூணு கண் பாலத்தைப் பேரன்களைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தோம். மூட்டை தள்ளுகிற இடங்களை அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். என்னால்தான் நீ நின்றாயா என்று கேட்க ஐம்பது மைல் வாயெடுத்தேன். கேட்டதும் அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னான்.

"நீ தலைல வச்சிக் கொண்டாந்தியே ஒரு அரிசி, அது எங்க வீட்ல எத்தன நாள் இருந்திச்சின்னு நெனைக்க? ரெண்டே ராத்திரி. திங்கக்கிழம அம்மா அதயும் கட்டிட்டு வண்டியேறிட்டா."

"சாருக்குத் தெரியுமா?"

"ஸ்டேஷன் வர சைக்கிள்ல வச்சித் தள்ளிட்டு வந்ததே அவருதாம்ல."

அன்று சார் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தி ஆகிவிட்டது, மறுநாள் திருவனந்தபுரத்தில் பிளைட். அடுத்த முறை என்று விட்டேன். பிறகு கொரோனா, பிறகு என் கண். நாற்பத்திரண்டு வருஷமாக 'அடுத்த முறை' என்றே ஊரை வைத்திருக்கிறேன்.

சார் இறந்த அன்று சாயங்காலம் அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். பின்னால் கொட்டுச் சத்தம், யாரோ விறகுக் கணக்குப் பேசுகிற சத்தம்.

"ஏல, வாய்க்கரிசி போட்டாச்சி. ஒனக்குஞ் சேத்து ஒரு பிடி போட்டுட்டேன்." கொஞ்சம் இருமினான். "எங்க உள்ள அரிசின்னு யார்ட்டயும் போயிச் சொல்லிராத."