பி.டி. சாருக்கு எதை வைத்து மார்க் போடுவது?

கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் வேலையை மதிப்பிட கமிட்டி உட்கார்ந்ததும் எல்லார் கண்ணும் கோப்பை அலமாரிக்குப் போகிறது. வடசென்னையில் அதை நம்பவே கூடாது. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் கிளப்பில் ஆடித் தேறிய பிள்ளைகளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பிடித்துப் போட்டால் கால்பந்து, குத்துச்சண்டைக் கோப்பைகள் தானாக வந்து சேரும். அட்மிஷன் நேரத்துச் சாமர்த்தியம் அது. அதற்கும் மார்க் உண்டு, கொஞ்சம்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை வேறு சிலதைக் கேட்கிறது. பி.டி. சாரின் வருகை 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 'நன்று'. கல்லூரிக்குள்ளேயே ஐந்துக்கு மேற்பட்ட விளையாட்டுகளில் போட்டி நடத்தினால் அதுவும் 'நன்று'. மூன்று முதல் ஐந்து என்றால் 'திருப்தி'. இதில் ஏமாற்று எங்கே நடக்கும் என்றால், தலைக்கணக்கில். கபடிக்கு 12, வாலிபாலுக்கு 12, கால்பந்துக்கு 18 என்று தாளில் 42 பேர் நிற்பார்கள். ரோல் நம்பரை வரிசைப்படுத்திப் பாருங்கள், பாதிப்பேர் மூன்று அணியிலும் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு முறைதான் எண்ண வேண்டும். அதில் பெண்கள் எத்தனை என்று தனியாக எழுதுங்கள்.

அடுத்தது ஓ.டி. கோப்பு, அதாவது போட்டிக்குப் போன நாளையும் வருகையாக ஏற்கும் 'ஆன் டியூட்டி' அனுமதிகள். என்னைக் கேட்டால் பாதி மார்க் இதற்கே தரலாம். அனுமதிக் கடிதத்தின் தேதி போட்டிக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் துறையில் கையெழுத்து கிடைக்காது, வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், பரீட்சை நேரத்தில் பையன் அலைவான். மெடல் வாங்கியவன் கையில் அரியரும் இருந்தால், பி.டி. சார் அவனுடைய துறைத் தலைவரிடம் பேசவே இல்லை என்று அர்த்தம்.

ஸ்டாக் ரெஜிஸ்டரில் வாங்கிய தேதியைப் பாருங்கள். நிதி காலாவதியாகிவிடும் என்று மார்ச் கடைசியில் மொத்தமாக வாங்கி, டிசம்பரில் கிழிந்த பந்தோடு ஆடவிட்டிருப்பார்கள். ரெஜிஸ்டரோடு நிறுத்தாமல் அறையைத் திறந்து எண்ணுங்கள். கபடி விரிப்பைச் சுருட்டி ஈரத்தில் போட்டிருந்தால் மூக்கே சொல்லிவிடும்.

இடம் இல்லை என்ற சாக்கைப் பாதிதான் ஏற்கலாம். 400 மீட்டர் டிராக் இங்கே யாருக்கும் வாய்க்காது, சரி. ஆண்கள் கபடிக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மைதானத்தில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களை அவர் கணக்கில் ஏற்றாதீர்கள். ஆனால் அப்போது உள்ளே என்ன நடந்தது என்று கேளுங்கள். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற ஊர்ப்பக்கம் இது. ஒரு கேரம் போர்டு, பவுடர், நல்ல விளக்குகூட இல்லாத கல்லூரிக்கு மழையைக் காரணம் சொல்ல உரிமை கிடையாது.

கடைசியாக, மாணவர்களிடம் பேசும்போது கேப்டனை மட்டும் கூப்பிடாதீர்கள், அவனை அவரே அனுப்பி வைப்பார். முதல் வருஷம் அணியில் இருந்து இரண்டாம் வருஷம் நின்றுபோனவர்களின் பட்டியலை நீங்களே எடுத்து நாலு பேரை விசாரியுங்கள். சாயந்திரம் வேலைக்குப் போகிறவனுக்குக் காலை ஆறு மணிப் பயிற்சி இருந்ததா, பயணப்படி எத்தனை மாதம் கழித்துக் கைக்கு வந்தது, அடிபட்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட யார் போனார்கள்?